ஏழாவது படலைக்குப் பக்கத்து ஈரம்

சென்ற மாதம் சிவத்தை என் வீட்டில் வைத்து ஏசிவிட்டேன். லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில் சிவத்தைத் தெரியாத தமிழர் குறைவு. வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் திருத்துவார், பூட்டு மாற்றுவார், கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டாலும் வருவார். நான் பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கிறேன். என்னுடைய பொயிலர் இரண்டு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. அவர் வந்து அதைத் திறந்து பார்த்து, ஏதோ ஒன்றை இறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன்.

சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. அவர் அதற்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, இது எந்த இடம்? ஒரு சனத்தையும் காணேல்லை."

"மேற்கில ஒரு பழைய தெரு. நான் வேலையில எடுத்தது."

"நல்லாத்தான் இருக்கு. இஞ்ச, இந்தப் படலையடியில மட்டும் ஒரு கறை. பொறுங்கோ."

தன் போனால் அதைப் படம் எடுத்தார். திரையில் விரலை வைத்துத் தேய்த்தார். "பாருங்கோ, போயிட்டுது."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். தெரு இருந்தது, வீட்டு வாசல் படலை இருந்தது, சுவர் துடைத்தது போல இருந்தது.

"ஆரைக் கேட்டு அழிச்சனீர்?" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் மிச்சம் இருந்தது எனக்கே தெரியாது.

"அண்ணை, உங்கட படத்தில நான் கை வைக்கேல்லையே. இது என்ர போனில."

அவர் சொன்னது சரி. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவர் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். ஊற்றி வைத்த இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.

இந்த நேரத்தில்தான் நம்முடைய முதியோர் சங்கத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். சிவமும் மலர் வாசிப்பவர். ஆகவே ஒரே கட்டுரையில் இரண்டு அலுவலையும் முடிக்கப் பார்க்கிறேன்.

நான் படம் எடுக்கிற வேலை செய்தவன் என்று சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்பது, கலியாணமா, சாமத்திய வீடா என்பதுதான். இரண்டும் இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் நான் எடுத்தவை கட்டடங்கள். பழைய தேவாலயங்கள், பழைய களஞ்சியங்கள், இடிக்கப்போகிற ஆலைகள், இடிக்கக்கூடாத வீடுகள். லண்டனில் ஒரு கந்தோர் இவற்றையெல்லாம் படமாகப் பதிந்து வைத்தது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்து, இங்கே பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு அந்தக் கந்தோரின் இருட்டறையில் பிலிம் கழுவப் போய், அங்கிருந்து கமராவுக்குப் பின்னால் வந்தேன். இது ஒரு வரியில் சொல்லக்கூடிய கதைதான். வாழும்போது நீளமாக இருந்தது.

எனக்கு மேலதிகாரி மிஸ் பிரையர். என்னைவிட வயதில் இளையவர், உயரமானவர், சிரிக்க ஆயத்தமாகிச் சிரிக்காமலே விட்டுவிடுகிறவர். ஒரு படத்தை அவர் ஏற்றுக்கொள்ளும் முறை இது: மேசையில் வைப்பார். தலைகீழாகத் திருப்புவார். பூதக்கண்ணாடியை ஒரு மூலையில் வைத்து, உழவர் சால் அடிப்பதுபோல இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே போவார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் மெல்லிய வட்டம். கடைசி மூலையில் கண்ணாடி வந்து நின்றதும் பின்பக்கம் கையெழுத்து, அல்லது "இன்னொரு தடவை போங்கள்."

ஏன் தலைகீழாக என்று முதல் வருடத்தில் கேட்டேன்.

"நேராகப் பார்த்தால் வீடு தெரியும். தலைகீழாகப் பார்த்தால் அங்கே இருப்பது தெரியும்" என்றார்.

அவருடைய இன்னொரு சட்டம், பதிவுப் படத்தில் ஆட்கள் கூடாது. "ஆள் வந்தால் படம் ஆளுடையதாகிவிடும். பார்க்கிறவர் தொப்பியைப் பார்ப்பார், தூணைப் பார்க்கமாட்டார்." நான் இதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன். ஆட்களை எண்ணுவதைவிடத் தூண்களை எண்ணுவது சுலபம். தூண்கள் அசைவதில்லை.

ஆனால் தெருவில் ஆட்கள் போகத்தானே செய்வார்கள்? அதற்கு ஒரு முறை உண்டு. வில்லைக்கு முன்னால் கறுத்த ஃபில்டர் போட்டு, துவாரத்தை மிகச் சிறிதாக்கி, அரை நிமிடம் திறந்து வைப்பது. கல் அசையாமல் இருப்பதால் கல் பதியும். நடக்கிறவர் எந்த இடத்திலும் போதிய நேரம் இருப்பதில்லை. அவரில் பட்ட வெளிச்சமும் பிலிமில் விழும், ஆனால் தெருவின் நீளத்துக்குப் பரவிப்போகும், கண்ணுக்குத் தெரியாது. சனம் நிறைந்த சந்தையை இந்த வழியில் நான் வெறுமையாக்கியிருக்கிறேன். நடந்துகொண்டேயிருப்பவர் மறைந்துபோவார். நிற்பவர் பிலிமில் ஒட்டிக்கொள்வார்.

இனி அந்தத் தெரு. லண்டனிலிருந்து மேற்கே, பேராலயம் உள்ள ஒரு சிறு பட்டணத்தில் இருக்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன் பேராலயத்தில் பாடுகிறவர்கள் குடியிருக்கக் கட்டியது. இன்றைக்கும் பாடுகிறவர்கள் குடியிருக்கிறார்கள். கீழ்முனையில் வளைவு வாசல், மேல்முனையில் சிறு தொழுகைக்கூடம், நடுவில் இரண்டு வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு கைப்பிடித் தோட்டம், தாழ்ந்த கல்மதில், மரப் படலை, கூரைக்கு மேல் எட்டு முக நெடும் புகைபோக்கி. வாசலில் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் இருபத்தொரு புகைபோக்கியும் வலது கைப்பக்கம் இருபதும் தெரியும். இடது பக்கத்தில் இருபத்திரண்டாவதும் இருக்கிறது, மரம் மறைக்கிறது. கட்டியவர்கள் மேல்முனையை வேண்டுமென்றே ஒடுக்கியிருக்கிறார்கள். அதனால் கீழிருந்து பார்க்கிறவருக்குத் தெரு உள்ளதைவிட நீளமாகத் தெரியும். மேலே போகிறவர் சீக்கிரமே தூரமாகிவிடுவார்.

அங்கே நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை எண்பதுகளின் நடுவில். மிஸ் பிரையர் வானை ஓட்டினார். வானில் ஒரு இருக்கை மிச்சமாக இருந்தது. மனோவுக்குத் தொழிற்சாலையில் விடுமுறை. மனோ என் மனைவி. லண்டனைத் தவிர இந்த நாட்டில் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அவளுக்கு ஒரு குறை. மிஸ் பிரையர் "கூட்டி வாருங்கள்" என்றார். நீலச் சேலைக்கு மேல் என்னுடைய பழைய குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு மாஜரின் டப்பா நிறையப் பருத்தித்துறை வடையோடு வந்து ஏறினாள்.

தெருவில் எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிஸ் பிரையர்தான் வழி சொன்னார். "படம் திறந்திருக்கும்போது நடந்துகொண்டே இருங்கள். நிற்க மட்டும் வேண்டாம். நீங்கள் தெரியமாட்டீர்கள்."

மனோ என்னிடம் திரும்பி, "நடந்துகொண்டே இருந்தால் ஒருத்தருக்கும் தெரியமாட்டன் எண்டுறா, என்னப்பா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அதுதானே நடக்குது. அதுக்கு ஒரு கமராவும் வேணுமே?"

மனோ என்ன சொன்னாள் என்று மிஸ் பிரையர் கேட்டார். மொழிபெயர்க்க எனக்குப் பயமாக இருந்தது. "குளிர்கிறதாம்" என்றேன்.

நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்தப் பெரிய கமராவில் பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். மனோ புகைபோக்கிகளுக்குக் கீழே, அல்லது மேலே, தலைகீழாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பிலிமைச் செருகிய பிறகு கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. திறந்தேன். ஃபில்டர் சரியா, முக்காலி நழுவுகிறதா, பிலிமின் மூடியை இழுத்தேனா என்ற மூன்று கவலைகளோடு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவைப் பார்க்கவில்லை.

லண்டனில் மிஸ் பிரையர் அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, இடதுபக்கம் ஏழாவது படலைக்குப் பக்கத்தில் மதிலின்மேல் ஒரு மெல்லிய கருமையைக் கண்டு வட்டம் போட்டார். "இது யார்?"

நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். உருவம் இல்லை, விளிம்பு இல்லை. "ஈரம்" என்றேன். "மழை பெய்த சுவர்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது தடவை 2009 புரட்டாதி. ஊரில் போர் முடிந்த அந்த வருடம் நம்மவர் யாருக்கும் நல்ல வருடமல்ல. பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்த சனம் கடையில் ஒருவரோடும் கதைக்காமல் பால் வாங்கிக்கொண்டு போன வருடம். மனோ இறந்து இரண்டாவது வருடமும் அதுதான். எனக்கு ஓய்வு வர இருந்தது. கந்தோரில் டிஜிட்டல் வந்துவிட்டது, நானும் பழகிவிட்டேன், அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் பழைய படங்களோடு ஒப்பிடுவதற்குச் சில இடங்களைப் பழைய கமராவால், பழைய இடத்திலிருந்தே மறுபடியும் எடுக்கவேண்டியிருந்தது. மிஸ் பிரையர் அப்போது எல்லோருக்கும் மேலே இருந்தார், பட்டணங்களுக்கு வருவதில்லை. பென்சில் வட்டம் போட்ட அந்தப் பழைய படத்தையே என்னிடம் தந்து, "இதில் உள்ளபடி" என்றார்.

ரயிலில் தனியாகப் போனேன். கையில் இரண்டு பெட்டி, ஒரு முக்காலி. உதிரித் திருகாணி மூன்று, ஃபில்டர் மூன்று, கண்ணாடி துடைக்கும் துணி மூன்று. வீட்டில் காஸை நிற்பாட்டினேனா என்ற யோசனை பாதி வழிவரை வந்தது. நிற்பாட்டச் சொல்லி வாசலில் நினைவூட்ட ஒருவரும் இல்லாதபடியால் அந்த யோசனையை நானே சுமந்துபோனேன்.

பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது நுணுக்கமான வேலை. பழைய படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கிட்ட இருக்கிற ஒன்றும் தூர இருக்கிற ஒன்றும் எப்படி மறைத்துக்கொள்கின்றன என்று பார்க்கவேண்டும். அந்தப் படத்தில் வலது பக்கம் மூன்றாவது புகைபோக்கி தொழுகைக்கூடத்தின் சிலுவையை விளிம்பில் தொட்டுக்கொண்டு நின்றது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் சிலுவை விலகியது. வலப்பக்கம் நகர்ந்தால் மறைந்தது. முன்னுக்குப் பின்னுக்கு நகர்ந்தபோது மதிலின் உயரம் மாறியது. சிலுவையும் புகைபோக்கியும் மறுபடி தொட்டுக்கொண்டபோது, நான் பழைய என் காலடியிலேயே நிற்கிறேன் என்று தெரிந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சந்தோசப்பட வேண்டிய நேரம். நான் பழைய படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு முக்காலியை விரித்தேன்.

குடியிருப்போருக்கு முன்னறிவித்தல் கொடுத்திருந்தார்கள். கார் இல்லை. குப்பைத் தொட்டி ஒன்றும் வெளியே இல்லை. ஒரே ஒரு கதிரை மட்டும், இடதுபக்கம் ஏழாவது படலைக்கு வெளியே. அதில் தவிட்டுநிற ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவர் இருந்தார். முழங்காலில் வைத்திருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கதிரையை உள்ளே எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன்.

"கதிரையை எடுக்கிறேன். நான் நிற்கலாமா?"

"மன்னிக்கவேண்டும். ஆட்கள் இருக்கக்கூடாது. கட்டடத்துக்குத்தான் பதிவு."

"என் பெயர் ஆஷ்பி" என்றார். "நாற்பத்திரண்டு வருடம் இந்த வீட்டில் இருந்தேன். இங்கே குரலுக்குத்தான் வீடு. குரல் போனால் வீட்டை விடவேண்டும். எனக்குக் குரல் போய் நாளாயிற்று, இரக்கப்பட்டு இவ்வளவு காலம் விட்டுவைத்தார்கள். வெள்ளிக்கிழமை தங்கையிடம் போகிறேன், கடற்கரைப் பக்கம். இதுபோல இன்னொரு படம் இனி எப்போது எடுப்பீர்கள்?"

"இருபது வருடத்துக்குமேல் ஆகலாம்."

"அப்படியானால் நான் இங்கே இருந்தேன் என்பதற்கு உங்கள் பதிவில் என்ன இருக்கும்?"

புகைபோக்கி இருக்கும், என்று சொல்ல வாய் வந்தது. விதி என்னுடையதல்ல என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதிரையைத் தூக்கினார். கை நடுக்கத்தில் அது படலையில் தட்டியது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். அப்போதுதான் என் கழுத்தில் தொங்கிய கறுப்புத் துணியைக் கவனித்தார்.

"முன்பு ஒரு தடவையும் வந்தார்களே. உயரமான ஒரு கண்டிப்பான பெண். இப்படித் துணிக்குள் தலையை விட்ட ஒருவர்."

"துணிக்குள் இருந்தது நான்தான்."

"அப்படியானால் அந்த நீலச் சேலைப் பெண் யார்?"

கதிரை எங்கள் இருவர் கையிலும் இருந்தது. கீழே வைத்தோம்.

"என் மனைவி."

"எனக்கு அன்றைக்குத் தடிமன், தொண்டை அடைத்துப் பாடப் போகவில்லை. யன்னலால் பார்த்தால் அவர் மேலே போகிறார், கீழே வருகிறார், மறுபடி மேலே போகிறார். வழி தவறிவிட்டார் என்று நினைத்து வெளியே வந்து, யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டேன். 'எனக்கு நிற்க அனுமதி இல்லை' என்றார். சொல்லிவிட்டு நின்றார்."

"நின்றாளா?"

"இந்த இடத்தில்தான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து, 'கெதியாகச் சாப்பிடுங்கள், அவர் பார்த்தால் ஏசுவார்' என்று ஒன்றைக் கையில் வைத்தார். வட்டமாக, உறைப்பாக, ஓட்டுத்துண்டு மாதிரி. கடித்தேன். இந்தப் பல் அன்றைக்குத்தான் ஆடத் தொடங்கியது." வாயைத் திறந்து காட்டினார். அந்த இடத்தில் பல் இல்லை.

நான் பையிலிருந்து பழைய படத்தை எடுத்தேன். பூதக்கண்ணாடியைப் பென்சில் வட்டத்தின்மேல் வைத்தேன். தலைகீழாகத் திருப்பினேன். கோட்டின் அகலம். அதற்குக் கீழே, கல்லைவிட ஒரு சாயல் மங்கலாக, சேலை. இத்தனை வருடமும் ஈரம் என்று நான் சொல்லி, நானே நம்பிவந்த இடம். அவள் இதை எனக்குச் சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால் படம் பழுதாகிவிட்டதே என்று நான் எத்தனை நாள் புலம்பியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மிஸ்டர் ஆஷ்பி உள்ளே போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்தார். பாதி வழியில் சிந்திவிட்டது.

"எவ்வளவு நேரம் நின்றாள்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "நான் பாட்டுக்காரன், இதில் சும்மா சொல்லமாட்டேன். மெதுவான தாளத்தில் எட்டு எண்ணிக்கை."

அந்தக் காட்சிக்கு என்னிடம் இரண்டு பிலிம் இருந்தது. ஒன்று படத்துக்கு, மற்றது பாதுகாப்புக்கு. அது எங்கள் நடைமுறை. முதலாவதை விதிப்படி எடுத்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. இரண்டாவதைச் செருகிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். முழு நேரமும் நின்றால் ஆளாகப் பதிந்துவிடும், மிஸ் பிரையர் ஏற்கமாட்டார் என்று விளக்கினேன். எட்டு எண்ணிக்கை மட்டும் அதே இடத்தில் நிற்கவேண்டும், பிறகு உள்ளே போய்விடவேண்டும்.

"எண்ணத் தொடங்குங்கள். நான் சேர்ந்துகொள்கிறேன்" என்றார்.

திறந்தேன். ஒன்று என்றேன். இரண்டிலே அவருடைய குரல் சேர்ந்தது. பாட முடியாத குரல்தான், ஆனால் அடியிலிருந்து வந்தது, மதிலில் பட்டுத் திரும்பியது. மனோ போனபிறகு நான் எண்ணும்போது என்னோடு சேர்ந்து எண்ணியவர் அவர் ஒருவர்தான். எட்டு என்றதும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மிச்ச நேரத்தை நான் தனியாக எண்ணி மூடினேன்.

லண்டனில் மூன்று படங்களையும் மிஸ் பிரையரின் மேசையில் வைத்தேன். பழையது, சுத்தமான புதியது, இரண்டாவது புதியது. அவர் மூன்றையும் தலைகீழாகத் திருப்பினார். பூதக்கண்ணாடி சால் அடிக்கத் தொடங்கியது. பழைய படத்தில் தன்னுடைய பென்சில் வட்டத்தில் நின்றது. சுத்தமான படத்தில் அதே படலையில் நின்றது. மூன்றாவதில் அதே படலையில் மிக நீண்ட நேரம் நின்றது. அவர் நிராகரித்தால் மறுபடி போகலாம், ஆனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. ஏழாவது வீடு பூட்டிக் கிடக்கும்.

"இது என்ன?"

"ஈரம்" என்றேன். 

"எவ்வளவு காலமாக இந்தச் சுவரில் ஈரம் இருக்கிறது?"

"நாங்கள் முதல் தடவை போனபோதும் இருந்தது."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். முதல் தடவை போன அன்றைக்கு அந்தத் தெருவில் கமராவுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

"அப்படியானால் அது கட்டடத்தின் பகுதி" என்றார். "இல்லாததுபோலக் காட்டினால் பதிவு பிழையாகிவிடும்." சுத்தமான படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றப் புதிய படத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சிரிக்க ஆயத்தமானார். வழக்கம்போல விட்டுவிட்டார்.

மிஸ்டர் ஆஷ்பிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். தங்கை வீட்டிலிருந்து போன் எடுத்தார். "உங்கள் மனைவியைவிட நான் கொஞ்சம் தடித்த ஈரம்" என்றார். அதன்பிறகு அவரிடமிருந்து மார்கழிக்கு ஒன்றாக மூன்று நத்தார் வாழ்த்து மட்டைகள் வந்தன. நாலாவது வரவில்லை.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு விருப்பமான ஒரு படத்தின் பிரதியைத் தருவதாகச் சொன்னார்கள். பெரிய பேராலயங்களையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய தெருப்படத்தைக் கேட்டேன். என் முன்னறைக்கு வருகிறவர்கள், வருகிறவர்கள் அதிகம் இல்லை, ஒரு சனமும் இல்லாத படம் என்றுதான் சொல்கிறார்கள்.

சிவம், பொயிலர் மறுபடி முனகுகிறது. ஒருக்கால் வாரும். ரூட்டிங் தமிழ்க் கடையில் பருத்தித்துறை வடை வாங்கி வைத்திருக்கிறேன், பல்லைப் பார்த்துக் கடியும். படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தருகிறேன். அதை நீர் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.